கணக்கில் வராத அலைகள்

சரக்குக் கப்பலை வாடகைக்கு எடுக்கும் ஒப்பந்தங்களில் ஒரு வாக்கியம் அநேகமாக எப்போதும் இருக்கும். கப்பல் இன்ன வேகத்தில் போகும், நாளொன்றுக்கு இத்தனை டன் எண்ணெய் எரிக்கும் என்று உரிமையாளர் அதில் உறுதி தருவார். அதே வாக்கியத்தின் வாலில் "நல்ல வானிலையில் மட்டும்" என்று சேர்த்திருப்பார்கள். எது நல்ல வானிலை என்பதற்கும் எல்லை உண்டு. காற்று போஃபோர்ட் அளவில் 4-க்குள், கடல் டக்ளஸ் அளவில் 3-க்குள் இருக்க வேண்டும் என்பது பரவலாக இருக்கும் வழக்கம். அதாவது காற்று 16 நாட் (மணிக்கு 16 கடல்மைல்) வரை, அலை ஒன்றேகால் மீட்டர் வரை. நாட்டுப்படகுக்காரர்கள்கூட தொழிலுக்குப் போய்வரும் கடல் அது.

இந்த எல்லையைத் தாண்டிய நாட்கள் கணக்கிலிருந்து விழுந்துவிடும். அந்த நாட்களில் கப்பல் எவ்வளவு எரித்தாலும், எவ்வளவு மெதுவாக நகர்ந்தாலும் உறுதிமொழி மீறப்பட்டதாக ஆகாது.

ஜூலை மாதம் இலங்கையின் தேவேந்திரமுனையைச் சுற்றிக்கொண்டு மேற்கே ஏடன் வளைகுடாவுக்குப் போகும் கப்பலை எடுத்துக்கொள்வோம். சுமார் 2,000 கடல்மைல். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் குறுக்கே வீசிக்கொண்டிருக்கும். நடுக்கடலில் மூன்று நான்கு மீட்டர் அலை சர்வசாதாரணம். வழியில் நல்ல வானிலை நாள் ஒன்றுகூடக் கிடைக்காமல் போகலாம். பாய்மரக் காலத்தில் இந்தக் காற்றை எதிர்த்து மேற்கே போகும் வழக்கமே இல்லை. காற்று திரும்பும்வரை துறைமுகத்தில் காத்திருந்தார்கள். டீசல் இன்ஜின் வந்தபின் காத்திருப்பது போனது, அதற்குப் பதில் எண்ணெய் போகிறது.

வேடிக்கை என்னவென்றால், சரக்கு ஏற்றும் விதிக்கு இந்தப் பருவம் நன்றாகத் தெரியும். 1966-ஆம் ஆண்டின் சர்வதேச சுமைக்கோட்டு உடன்படிக்கைப்படி, அரபிக்கடலில் செப்டம்பர் 1 முதல் மே 31 வரை, கப்பலின் பக்கத்தில் வரைந்திருக்கும் அமிழ்வுக் கோடுகளில் வெப்பமண்டலக் கோடுவரை கப்பலை அமிழ்த்தலாம். ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை கோடைக் கோட்டோடு நிறுத்திவிட வேண்டும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம், கோடைக்கால அமிழ்வில் 48-இல் ஒரு பங்கு. 82,000 டன் சுமக்கும் மொத்தச் சரக்குக் கப்பலில் (தானியம், நிலக்கரி போன்றவற்றை மூட்டை கட்டாமல் அப்படியே கொட்டி ஏற்றும் கப்பல்) இது சுமார் 30 சென்டிமீட்டர் வரும். சரக்காகப் பார்த்தால் ஏறக்குறைய 2,000 டன். பாதுகாப்பு என்று வரும்போது அலையைக் கணக்கில் எடுக்கத் தெரிந்தவர்கள், எண்ணெய்க் கணக்கில் மட்டும் கண்ணை மூடிக்கொள்வது ஏன்?

பழைய காரணம் ஒன்று உண்டு. வில்லியம் ஃபிரௌட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1870-களின் தொடக்கத்தில் டார்க்கீ ஊரில் நீளமான தொட்டி ஒன்றைக் கட்டி, சிறிய கப்பல் மாதிரிகளை நீரில் இழுத்து, இழுவிசையை அளந்தார். சிறிய மாதிரியில் கிடைத்த எண்ணைப் பெரிய கப்பலுக்கு எப்படி மாற்றுவது என்பதை அவர் கண்டுபிடித்ததுதான் நவீனக் கப்பல் வடிவமைப்பின் அடிப்படை. தொட்டியில் நீர் அசையாமல் இருக்கும். கப்பல் கட்டி முடித்ததும் நடக்கும் கடல் சோதனைக்கும் அமைதியான நாளைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். காற்று, அலை இருந்தால் அதைக் கழித்துக் கணக்குப் போடுவார்கள். அப்படியானால் உண்மையான கடலுக்கு? வடிவமைப்பாளர் வழக்கமாக 15 சதவீத சக்தியைக் கூடுதலாக வைப்பார். அதற்குக் கடல் ஈடு என்று பெயர். வட அட்லாண்டிக்கின் ஜனவரிக்கும் ஜாவா கடலின் ஏப்ரலுக்கும் அதே 15. ஒவ்வொரு கப்பலுக்கும் தனியாகக் கணக்கிட்டது அல்ல, அனுபவத்தில் வந்த தோராயம்.

சரி, அலை உண்மையில் என்ன செய்கிறது? இரண்டு வேலை செய்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் எந்தத் தீர்வும் புரியாது.

முதலாவது, அலை கப்பலின் முகத்தில் மோதித் திரும்புகிறது. சுவரில் எறிந்த பந்து திரும்பும்போது சுவரைத் தள்ளுவதைப் போல, திரும்பும் அலை கப்பலைப் பின்னுக்குத் தள்ளுகிறது. இரண்டாவது, அலை கப்பலை ஆட்டுகிறது. கப்பல் மொத்தமாக எழுந்து அமிழ்கிறது, அதன் முன்பகுதியான அணியம் தூக்கித் தாழ்கிறது. ஆடும் கப்பல் தானும் சுற்றிலும் அலைகளைக் கிளப்புகிறது. அவற்றைக் கிளப்பும் சக்தி எங்கிருந்து வரும்? இன்ஜினிலிருந்துதான்.

எந்த வேலை மேலோங்கும் என்பது அலையின் நீளத்துக்கும் கப்பலின் நீளத்துக்கும் உள்ள உறவைப் பொறுத்தது. ஆழ்கடல் அலையின் நீளத்தைக் காண ஓர் எளிய வழி இருக்கிறது. ஒரு முகடு வந்து அடுத்த முகடு வர ஆகும் நொடிகளை எண்ணி, அதை அதாலேயே பெருக்கி, பிறகு 1.56-ஆல் பெருக்கினால் மீட்டரில் நீளம் வந்துவிடும். 9 நொடி அலை என்றால் 126 மீட்டர். 12 நொடி என்றால் 225. தென் சமுத்திரத்திலிருந்து வரும் 15 நொடி நெட்டலை என்றால் 350 மீட்டர்.

கப்பலும் அலையும் ஏறக்குறைய ஒரே நீளமாக இருக்கும்போதுதான் ஆட்டம் மிக மோசம். கூடுதல் தடையும் அப்போதே உச்சம். பெரிய துறைமுகத்துக்கும் சிறிய துறைமுகங்களுக்கும் இடையே கன்டெய்னர் சுமக்கும், 130 மீட்டர் நீளமுள்ள ஒரு சிறிய ஃபீடர் கப்பலுக்கு 9 நொடி அலை அப்படியே பொருந்திவிடும், அது குதிரைபோலக் குதிக்கும். 229 மீட்டர் நீளமுள்ள 82,000 டன் கப்பலுக்கு அதே அலை, நீளத்தில் பாதிதான். பெரிதாக ஆடாது. ஆனால் அதன் முகம் மொண்ணையாக இருப்பதால் மோதித் திரும்பும் அலையே முக்கியத் தடையாகிவிடும். 400 மீட்டர் கன்டெய்னர் கப்பலுக்குப் பெரும்பாலான கடல் "சிறிய அலை"தான். ஆகவே "அலைக்கு ஏற்ற கப்பல்" என்று பொதுவாகச் சொல்ல முடியாது. எந்தக் கடல், எந்த நீளம் என்று கேட்டாக வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. கூடுதல் தடை அலை உயரத்தின் இருமடியைப் பின்பற்றுகிறது. இரண்டு மீட்டர் அலை நான்கு மீட்டர் ஆனால் தடை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. நாள் முழுவதும் சராசரி மூன்று மீட்டர் என்று எழுதிவைப்பதற்கும், காலையில் இரண்டு, மாலையில் நான்கு என்று வருவதற்கும் எண்ணெய்ச் செலவு ஒன்றல்ல என்பது இதனால்தான்.

கப்பலின் பின்புறத்தில் நடப்பதைப் பற்றி வெளியே குறைவாகவே பேசுகிறார்கள். அணியம் தாழும்போது பின்புறம் எழும், புரொப்பல்லர் நீர்மட்டத்துக்கு அருகே வந்து காற்றைக் கலக்கும். சுமை சட்டென்று குறையும், சுழற்சி எகிறும். அடுத்த நொடி மறுபடி முழுதாக மூழ்கும், சுமை ஏறும். சுழற்சியை ஒரே எண்ணில் வைத்திருக்கும்படி கட்டுப்பாட்டுக் கருவியை அமைத்திருந்தால், அது ஒவ்வொரு அலைக்கும் எண்ணெயைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். கரடுமுரடான சாலையில் ஆக்ஸிலேட்டரை மிதித்து விட்டு மிதித்து ஓட்டுவதுபோல. சுழற்சி கொஞ்சம் ஏறி இறங்கட்டும், எண்ணெய் அளவு நிலையாக இருக்கட்டும் என்று விடுவது இன்ஜினுக்கும் நல்லது, செலவுக்கும் நல்லது. நவீனக் கருவிகள் பலவற்றில் கொந்தளிப்பான கடலுக்கென்றே தனி அமைப்பு இருக்கிறது.

தானியங்கிச் சுக்கானும் அப்படித்தான். அமைதியான கடலுக்கு வைத்த நுட்பமான அமைப்பை அப்படியே விட்டால், ஒவ்வொரு அலையும் அணியத்தை ஒரு பாகை தள்ள, சுக்கான் ஓயாமல் இடதும் வலதும் திரும்பிக்கொண்டிருக்கும். திரும்பிய சுக்கான் ஒவ்வொன்றும் நீரில் ஒரு பிரேக். அலை தள்ளியதை அலையே திருப்பிக் கொண்டுவரும் என்று விட்டுவிடும் அளவுக்கு அமைப்பைத் தளர்த்த வேண்டும். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம், பொத்தானைத் திருகும் அளவு அக்கறை போதும்.

காலியாகப் போகும் கப்பலுக்கு எடை குறைவு, ஆகவே எண்ணெயும் குறைவு என்று நினைப்போம். அமைதியான கடலில் சரி. கொந்தளிப்பில் காலிக் கப்பலின் அணியம் நீருக்கு வெளியே எழுந்து, கீழே வரும்போது அடிப்பகுதி நீரில் அறையும். புரொப்பல்லர் பாதி வெளியே நிற்கும். அதனால் மொத்தச் சரக்குக் கப்பல்களில் நடுவே உள்ள ஒரு சரக்கறையையே கடல்நீரால் நிரப்பும் ஏற்பாடு இருக்கிறது. ஆயிரக்கணக்கான டன் கடல்நீரைச் சுமந்துகொண்டு போவதால்தான் கப்பல் அங்கே ஒழுங்காக நகரும்.

இனி வேகம். கப்பலுக்கு வேண்டிய சக்தி, ஏறக்குறைய வேகத்தின் மும்மடியாக ஏறும். 13 நாட்டில் போகும் கப்பலை 11.7-க்குக் குறைத்தால், அதாவது பத்து சதவீதம் குறைத்தால், நாளொன்றுக்கான எண்ணெய் 27 சதவீதம் குறையும். பயணம் நீள்வதால் மைல் கணக்கில் பார்த்தால் 19 சதவீத மிச்சம். 2008-க்குப் பிறகு கன்டெய்னர் கப்பல்கள் எல்லாம் மெதுவாக ஓடத் தொடங்கியதற்கு இந்தக் கணக்கே காரணம். ஆனால் இது அமைதிக் கடல் கணக்கு. எதிரலையில் ஒரு பங்கு எண்ணெய் அலையோடு மல்லுக்கட்டுவதற்கே போகிறது. அங்கே அட்டவணையைக் காப்பாற்ற வேகத்தைப் பிடித்து வைப்பதுதான் இருப்பதிலேயே விலை உயர்ந்த மைல். நேரத்தை அமைதியான பகுதியில் சம்பாதித்து, கொந்தளிப்பில் செலவழிப்பதே புத்திசாலித்தனம். இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அனுபவமுள்ள எந்த கேப்டனும் சொல்வார். "தாமதம் ஏன்?" என்று கேட்கும் மின்னஞ்சல் கரையிலிருந்து வரும்போதுதான் சிக்கல்.

வழியைத் தேர்வதும் இதே சிந்தனைதான். 1957-இல் அமெரிக்கக் கடற்படையின் நீரியல் அலுவலகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஜேம்ஸ், அலை முன்கணிப்பை வைத்து ஒரு முறையை வகுத்தார். இன்று கிளம்பும் கப்பல் 24 மணி நேரத்தில் எந்தெந்தத் திசையில் எவ்வளவு தூரம் போயிருக்க முடியும் என்று பார்த்து, அந்தப் புள்ளிகளை ஒரு வளைகோடாக இணைக்க வேண்டும். அங்கிருந்து அடுத்த நாளுக்கு இன்னொரு வளைகோடு. இப்படியே இலக்குவரை. அலை பலமான பக்கத்தில் கோடு உள்வாங்கும், அமைதியான பக்கத்தில் புடைக்கும். இன்று கணினிகள் செய்வதும் அதன் தொடர்ச்சிதான்.

கடல்களில் ஒரு வித்தியாசம் உண்டு. வட பசிபிக்கிலும் வட அட்லாண்டிக்கிலும் புயல் நகர்ந்து போகும். ஒரு நாள் மெதுவாகப் போனால் அது முன்னால் கடந்துவிடும், அதன் பின்னால் போகலாம். அரபிக்கடலின் தென்மேற்குப் பருவம் எங்கேயும் போகாது, மூன்று மாதம் அங்கேயே உட்கார்ந்திருக்கும். அங்கே காத்திருந்து பயனில்லை, விலகித்தான் போக வேண்டும். நேர்வழியை விட்டுத் தெற்கே இறங்கிச் சுற்றிப் போவது பழைய வழக்கம். நூறு மைல் கூடினாலும் எண்ணெய் குறையலாம்.

2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியபின், ஆசியா-ஐரோப்பா வழியில் பெரும்பாலான கன்டெய்னர் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. அங்கே வேறொரு கணக்கு. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டித் தென்மேற்காக ஓடும் அகுல்ஹாஸ் நீரோட்டம் மேற்கே போகும் கப்பலுக்கு இலவசமாகச் சில நாட் வேகம் தரும். ஆனால் தென்மேற்கிலிருந்து பலத்த காற்று வந்தால், எதிர்த்து ஓடும் நீரில் அலைகள் குறுகி, செங்குத்தாக எழும். இலவச வேகம் என்று ஆசைப்பட்டுப் போனால் சரக்கே போய்விடும். 2024 ஜூலையில் சிஎம்ஏ சிஜிஎம் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவுக்கு அருகே மோசமான வானிலையில் 44 கன்டெய்னர்களைக் கடலில் இழந்தது.

வடிவத்துக்கு வருவோம். கப்பலின் முன்னால் நீருக்கடியில் துருத்தி நிற்கும் குமிழ்மூக்கைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். மூக்கு எழுப்பும் அலையும் கப்பல் எழுப்பும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் தடை குறைகிறது. 1910-ஆம் ஆண்டளவில் அமெரிக்கப் போர்க்கப்பல் டெலவேரில் டேவிட் டெய்லர் இதைப் பொருத்தினார். 1960-களில் ஜப்பானில் தகாவோ இனுய் இதன் கோட்பாட்டை வளர்த்தார். நல்ல கண்டுபிடிப்புதான், ஆனால் ஒரு வேகம், ஓர் அமிழ்வு, அமைதியான நீர் என்று மூன்று நிபந்தனைக்குள் கச்சிதமாக வேலை செய்வது. கப்பல்கள் மெதுவாக ஓடத் தொடங்கியதும் பழைய மூக்குகள் பாரமாகிவிட, பல நிறுவனங்கள் மூக்கை வெட்டி எடுத்துப் புதியது ஒட்டின. அணியம் எழுந்து தாழும் கடலிலோ மூக்கு பாதி நேரம் இருக்க வேண்டிய ஆழத்தில் இருப்பதே இல்லை.

இதை மாற்றி யோசித்தவர்கள் ஜப்பானியர்கள். மொண்ணை முகமுள்ள மொத்தச் சரக்குக் கப்பலில் நீர்மட்டத்துக்கு மேலுள்ள பகுதியை மட்டும் கோடரி விளிம்புபோலக் கூர்மையாக்கினார்கள். அமைதியான நீரில் அந்தப் பகுதி நனைவதே இல்லை, ஆகவே தொட்டிச் சோதனையில் அதற்கு மதிப்பெண் கிடையாது. அலை வரும்போதுதான் அது வேலைக்கு வரும், அலையை நேரே திருப்பாமல் இரு பக்கமும் ஒதுக்கிவிடும். 'ஆக்ஸ் போ' என்று பெயர். நார்வேயில் உல்ஸ்டீன் நிறுவனம் இன்னும் ஒரு படி போய், அணியத்தையே பின்னோக்கிச் சாய்த்த 'எக்ஸ் போ' வடிவில் 2006-இல் போர்போன் ஓர்கா என்ற கப்பலைக் கட்டியது. பார்க்கத் தலைகீழாக மாட்டியதுபோல இருக்கும், ஆனால் அலையில் மெதுவாக நுழைந்து மெதுவாக எழும். எண்ணெய்க் கிணறுகளுக்குப் போய்வரும் கப்பல்களுக்கு அது நன்றாகப் பொருந்தியது.

அலையிலிருந்தே சக்தி எடுக்கலாமே என்ற யோசனையும் இருக்கிறது. அணியத்தின் அடியில் துடுப்புபோல இரண்டு இறக்கைகள். அணியம் எழுந்து தாழும்போது அவை மீனின் வால்போல நீரைப் பின்னுக்குத் தள்ளும், ஆட்டத்தையும் குறைக்கும். 2008-இல் ஜப்பானியரான கெனிச்சி ஹோரியெ இப்படிப்பட்ட ஒரு சிறு படகில் ஹவாயிலிருந்து ஜப்பான்வரை அலையின் சக்தியாலேயே போய்ச் சேர்ந்தார். ஏறக்குறைய 110 நாள் ஆனது, நடைவேகம்கூட இல்லை. ஃபரோ தீவுகளின் டைஸ்டின் என்ற பயணிகள் படகில் 2019-இல் மடக்கி வைக்கக்கூடிய இறக்கைகளைப் பொருத்தினார்கள். சிறிய, நன்றாக ஆடும் கப்பலுக்கு இது பொருந்தும். ஆடாத 400 மீட்டர் கப்பலுக்கு எதைப் பிடித்து உந்துவது?

அலைக்குக் காரணமான காற்றைப் பயன்படுத்துவது இதைவிட வேகமாக வளர்கிறது. மேர்ஸ்க் பெலிகன் என்ற எண்ணெய்க் கப்பலில் 2018-இல் பொருத்திய, தளத்தில் நிமிர்ந்து சுழன்று பக்கக்காற்றை உந்துவிசையாக்கும் இரண்டு சுழல் உருளைகள் முதல் ஆண்டில் 8.2 சதவீத எண்ணெயை மிச்சப்படுத்தின. 37.5 மீட்டர் உயரத்தில் இரண்டு விறைப்பான பாய்கள் பொருத்திய பிக்ஸிஸ் ஓஷன், நாம் உதாரணமாக எடுத்த 82,000 டன் கப்பலின் அளவுதான். 2023 ஆகஸ்டில் கிளம்பி, முதல் ஆறு மாதத்தில் நாளுக்குச் சராசரியாக 3 டன் மிச்சம் காட்டியது. காற்று வாய்த்த நல்ல நாட்களில் 11 டன்வரை. ஆனால் நேர் எதிர்க்காற்றில் பாய் உதவாது. ஜூலையில் மேற்கே போகும் நம் கப்பலுக்கு அது அதிகம் உதவாது, கிழக்கே திரும்பும்போதுதான் வரம்.

விதிகளும் இதே பழைய பழக்கத்திலிருந்துதான் பிறந்தன. 2013 ஜனவரி 1 முதல் புதிய கப்பல்களுக்கு, சரக்கைச் சுமக்க எவ்வளவு கார்பன் வெளியேறும் என்று அளக்கும் வடிவமைப்புத் திறன் குறியீடு கட்டாயமானது. அதில் வரும் வேகம், காற்றும் அலையும் இல்லாத கடலில் உள்ள வேகம். வானிலைக்கு ஒரு காரணி சூத்திரத்தில் இருந்தாலும் அதைக் கணக்கிடுவது கட்டாயமில்லை. குறியீட்டில் தேற எளிய வழி, சிறிய இன்ஜின் வைப்பது. அப்படிச் செய்தால் புயலில் கரையைவிட்டு விலக வலுவில்லாத கப்பல்கள் வந்துவிடுமே என்ற பயம் உடனே எழுந்து, அதே ஆண்டில் குறைந்தபட்ச உந்துசக்திக்குத் தனி வழிகாட்டு விதி கொண்டுவர வேண்டியதாயிற்று.

2023-இல் வந்த கார்பன் செறிவுக் குறியீடு வேறு மாதிரி. ஆண்டு முழுவதும் உண்மையில் எரித்த எண்ணெயை வைத்து ஏ முதல் இ வரை தரம் போடுகிறது. கப்பலின் பாதுகாப்பே ஆபத்தில் இருந்த நேரத்தைக் கழிக்கலாம், சாதாரண மோசமான வானிலையைக் கழிக்க முடியாது. அதில் குறைகள் பல. துறைமுகத்துக்கு வெளியே காத்திருக்கும் கப்பலைத் தண்டிக்கிறது என்ற புகார் நியாயமானதுதான். ஆனாலும் ஆடிமாத அலையையும் சேர்த்து எண்ணுகிறது என்ற ஒன்றுக்காகவே எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஒப்பந்தம் மட்டும் இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறது. கப்பலைக் குறிப்பிட்ட காலத்துக்கு எடுக்கும் காலவாடகையில் எண்ணெய்க்குப் பணம் கட்டுபவர் வாடகைதாரர், அணியத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பவர் உரிமையாளர். கோடரி அணியத்துக்குக் கூடுதல் செலவு செய்த உரிமையாளருக்கு, அது மிச்சம் பிடித்துத் தரும் நாட்கள் எல்லாம் நல்ல வானிலைக்கு வெளியே விழுவதால், காட்ட ஓர் எண்ணும் கிடைப்பதில்லை. சென்சார்கள் நிமிடத்துக்கு நிமிடம் சக்தியையும் எண்ணெயையும் பதிவு செய்யும் கப்பல்கள் இன்று பெருகிவருகின்றன. ஆனாலும் வாடகைதாரருக்குப் போவது பெரும்பாலும் நண்பகல் அறிக்கைதான். முந்தைய 24 மணி நேரத்துக்கும் சேர்த்து வேகம் ஒரு கட்டம், எண்ணெய் ஒரு கட்டம், காற்று ஒரு கட்டம்.

அந்தக் காற்றுக் கட்டத்தை நிரப்ப, அதிகாரி மேல்தளத்திலிருந்து கடலைப் பார்க்கிறார். வெள்ளை நுரை அடிக்கடி தெரிந்தால் 4. நுரை கொஞ்சம் அதிகம் என்றால் 5. நாலா ஐந்தா என்று சொல்ல முடியாத கடலும் உண்டு. 4 என்று எழுதினால் அன்றைய எண்ணெய்க்கு உரிமையாளர் பதில் சொல்ல வேண்டும். 5 என்று எழுதினால் யாரும் சொல்ல வேண்டாம். அதிகாரிக்குச் சம்பளம் கொடுப்பவர் உரிமையாளர்.